'க' வராத குட்டி

நான் ஏன் சிரித்தேன்?

எல்லோரும் சிரித்தார்கள், கூடவே சிரித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். அவர்கள் சிரிக்கத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பே என் உதடு இழுத்துக்கொண்டது. சிரிக்கவேண்டிய இடம் வருகிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. வசனம் எழுதிப் பழகிய வாய், அதன் வேலையை அது செய்துவிட்டது. இப்போது அந்தச் சிரிப்பு பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உள்ளேயே கிடக்கிறது. துப்பவும் முடியவில்லை.

இப்படி நினைத்தபடி அவள் நாக்கை மேல்வரிசைப் பற்களின் மேல் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. திரையில் கழுதைக்குட்டி மறுபடியும் வாயைத் திறந்தது.

"கக்... கக்கா... கக்கா... கழுதை!"

எச்சில் பீய்ச்சியடித்தது. ஆடும் கோழியும் நாயும் ஒரே சமயத்தில் குடை விரித்தன. பச்சைக் கோழை குடைகளின் மேல் சொத்சொத்தென்று விழுந்து, விளிம்பில் நூலாக இறங்கி, அறுந்துவிடாமல் ஆடியது. கோழி அந்த நூலை அலகால் தொட்டுப் பார்த்துவிட்டு "உவ்வே" என்றது. பின்னணியில் குழந்தைகள் சிரித்தார்கள். எங்கேயோ பதிவுசெய்து வைத்த சிரிப்பு. எந்தக் குழந்தையின் வாயிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இந்த இடந்தான்," என்றான் மாப்பிள்ளை. "இங்க பசங்க விழுந்து பொரளுவாங்க. இல்லக்கா?"

கம்பெனி முதலாளியின் மகளைக் கட்டியவன். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவன் சார். அறையை விட்டு வெளியே வந்தால் மாப்பிள்ளை. குழந்தைகளுக்கான தொடர்களை அவன் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அவளை அவன் அக்கா என்பான். ஏதாவது காரியம் ஆகவேண்டியிருந்தால் 'எங்கக்கா' என்பான்.

அவன் டீயில் பிஸ்கட்டை முக்கினான். பாதி ஊறி உள்ளே விழுந்துவிட்டது. பேசிக்கொண்டே இரண்டு விரலை விட்டுத் துழாவி எடுத்து, வாயில் வைத்து உறிஞ்சி, மிச்சத்தை நாற்காலியின் அடியில் துடைத்தான். அதைப் பார்த்திருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் கண் அங்கேதான் போனது. திரையைப் பார்ப்பதைவிட அது மேலாக இருந்தது.

அந்த அறையில் ஜன்னல் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த துணி ஏசியின் ஈரத்தைக் குடித்துக் குடித்து, உலராத சாக்ஸ் போல நாறியது. இதே அறையில்தான் படத்தையும் முதன்முதலில் போட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கும் இந்த நாற்றம் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு அது தெரியவில்லை.

'நீளக்காது' என்பது படத்தின் பெயர். செங்கல் சூளையில் பிறந்த ஒரு கழுதைக்குட்டியின் கதை. தாயை விற்றுவிடுகிறார்கள், குட்டி தேடிப் போகிறது. அந்தக் குட்டிக்கு 'க'வில் தொடங்கும் எந்தச் சொல்லும் வராது. அதனால் தன்னைக் கழுதை என்று சொல்லவே முடியாது. யார் நீ என்று கேட்டால் "நீளக்காது" என்று சொல்லும். கல் வராது, செங்கல் வரும். ஆகவே உலகத்தில் உள்ள கல்லெல்லாம் அதற்குச் செங்கல். கிணறு, தண்ணிக்குழி. கனவு, தூங்கறப்போ வர்ற படம். கோபம் என்று சொல்ல வராததால் சூடு என்று சொல்லும். கடைசியில் தாயைக் கண்டுபிடித்து, அது திரும்பிப் பார்க்காமல் நிற்கும்போது குட்டி கேட்கிறது: "அம்மா, எம்மேல சூடா இருக்கியா?" தியேட்டரில் பெரியவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

வசனம் அவளுடையது. சொற்கள் அவளுடையவை அல்ல, மகளுடையவை. மகளைச் சுண்டு என்று கூப்பிடுவார்கள். பள்ளிப் பெயர் 'க'வில் தொடங்குகிறது. பிறந்த மறுநாள் குழந்தையின் காதருகே குனிந்து ஆசையாக வைத்த பெயர். அந்த எழுத்திலேயே அவள் நாக்கு வந்து முட்டிக்கொண்டு நிற்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? சுண்டு தன் பெயரைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினாள். மற்ற சொற்களையும் அப்படித்தான். கண்ணாடி வேண்டுமென்றால் "மூஞ்சி பாக்குறது எங்க?" என்பாள். கரண்டி, அள்ளுறது. அந்தச் சொற்களைப் படத்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது, கொஞ்ச நேரம் யோசித்து, "வெச்சுக்கோ. ஆனா நாந்தான் சொன்னேன்னு போடணும்" என்றாள். போட்டார்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, 'சொற்கள்: சுண்டு' என்ற வரி வந்ததும், சுண்டு நாற்காலி மேல் ஏறி நின்று தனக்குத் தானே கைதட்டிக்கொண்டாள்.

படத்தை எடுத்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கழுதை இங்கேயே தங்கிவிட்டது. இப்போது அதை வைத்துத் தொலைக்காட்சித் தொடர். பெயர், 'கக்கக் கழுதை'.

"கக்கான்னு சொன்னாலே பசங்க சிரிப்பாங்க சார்," என்று கதை எழுதும் கூட்டத்தில் யாரோ சொன்ன நாளிலிருந்து எல்லாம் அந்த வழுக்கலில் இறங்கிவிட்டது. திக்குவது கக்காவாகி, கக்கா கக்குவதாகி, கக்குவது கோழையாகி, கோழைக்குக் குடை வந்தது. அவள் எழுதிக் கொடுத்த பக்கங்களில் குடை கிடையாது. யாரோ நுழைத்த குடையை இரண்டு வாட்டி அடித்துக் கொடுத்தாள். இரண்டு வாட்டியும் குடை திரும்பி வந்தது.

"சரி, இப்போ எங்கக்காகிட்ட ஒரு விஷயம்," என்றான் மாப்பிள்ளை.

அவள் நிமிர்ந்தாள்.

"டிவில விட்ட டீசரைப் பாத்துட்டு சேனல்லேர்ந்து ஒரு குடைச்சல். திக்குற பசங்கள நாம கிண்டல் பண்றோமாம். யாரோ ஒரு அம்மா நீட்டி மொழக்கி எழுதியிருக்கு. அவங்க பயப்படறாங்க."

அதை நானல்லவா எழுதியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் யோசிச்சேன். குரல் குடுக்கிறது பெரியவங்க. அதான் கிண்டல் மாதிரி தெரியுது. நிஜமாவே திக்குற குழந்தை வந்து குரல் குடுத்தா? வாயத் தொறப்பாங்களா? ஒருத்தன் மூச்சு விடமாட்டான். அதுவும் படத்துக்கே வார்த்தை குடுத்த குழந்தை!" அவன் கையை அவள் நாற்காலியின் முதுகில் வைத்தான். பிஸ்கட் வாசனை அடித்தது. "பாப்பாவ ஒரு நாள் கூட்டிட்டு வாங்கக்கா. 'க'வை மட்டும் சொல்லட்டும். மத்ததெல்லாம் நம்ம ஆளே பேசிடுவாங்க. பேசும்போது கேமரால எடுத்து வெளியில விடுவோம். பாப்பாவும் ஸ்டாராயிடும்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் அவள்.

இந்த இரண்டு சொற்களும் தன் வாயிலிருந்துதான் வந்தனவா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. யோசிக்க என்ன இருக்கிறது? சாக்கடையில் கால் வைக்கச் சொன்னால் யாராவது யோசித்துச் சொல்கிறேன் என்பார்களா?

கை கழுவும் இடத்தில், எல்லோரும் குட்டிக்குரல் என்று கூப்பிடும் அம்மாள் நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். பேரன் பேத்தி எடுத்தவள். ஆனால் தொலைக்காட்சியில் ஓடும் பாதிக் குழந்தைகள் அவள் தொண்டையிலிருந்து வந்தவர்கள். படத்தில் கழுதைக்குட்டியாகப் பேசியவளும் அவள்தான்.

"என்னடி, மொகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

"பாத்துட்டு வர்றேன்."

"பாத்ததுக்கே இப்பிடியா? காலையிலேர்ந்து கக்குறேன் நான். தொண்டையில ரத்தம் வரும் போலிருக்கு." அவள் தண்ணீரைத் துப்பிவிட்டு, குழாயைத் திருகி மூடினாள். "படத்துல என்ன சொன்னே நீ? 'க' வர்ற எடத்துல சத்தமே வரக்கூடாது, மூச்சு அப்பிடியே நிக்கணும்னே. நான் நின்னேன். தலை சுத்திச்சு, ஆனா நின்னேன். அந்தச் சவுண்டுத் தம்பி மைக்கு போயிடுச்சோன்னு பயந்து உள்ள ஓடி வந்தான் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அது நடிப்பு. இது வாந்தி." முந்தானையால் வாயைத் துடைத்தாள். "உம் பொண்ணைக் கூட்டிட்டு வரச் சொல்லப்போறேன்னு காலையிலேயே சொன்னான், மாப்பிள்ளை. எம் பொழப்புல மண்ணு போடப் பாக்குறான்னு நெனச்சுச் சிரிச்சேன். அப்புறம் சிரிக்க முடியல. கூட்டிட்டு வராதடி."

"நானா கூட்டிட்டு வருவேன்?"

குட்டிக்குரல் அவளைக் கண்ணாடி வழியாகவே பார்த்தாள்.

சுண்டுவின் திக்கல் எப்படி இருக்கும் என்று இவர்களில் யாருக்கும் தெரியாது. அதில் சத்தம் இல்லை. க-க-க என்று எதுவும் தெறிக்காது. வாய் திறந்தபடி நிற்கும். கழுத்தில் ஒரு நரம்பு மெல்ல எழும்பும். கண் எதிரே இருப்பவரின் மூக்கையோ நெற்றியையோ பிடித்துக்கொள்ளும். உள்ளே ஏதோ பெரிய கதவைத் தோளால் தள்ளிக்கொண்டிருப்பது போல இருக்கும், வெளியே ஒரு சத்தமும் கேட்காது. பிறகு தள்ளுவதை விட்டுவிட்டு வேறு வழியாக வந்துவிடுவாள், வேறொரு சொல்லோடு. அந்த வேறொரு சொல் வரும்போது அவள் முகத்தில் ஒரு குறும்பு தெரியும், ஏமாத்திட்டேன் பாத்தியா என்பது போல. அதைப் பார்க்கத்தான் அம்மா காத்திருப்பாள். மகளை நினைத்து வருத்தப்பட்ட நாள்களைவிட, அடுத்து என்ன சொல்லைக் கொண்டுவரப்போகிறாள் என்று காத்திருந்த நாள்கள்தான் அதிகம்.

அன்று மாலை வீட்டு மாடிப்படியில் ஏறும்போது மேலே இருந்து சத்தம் வந்தது.

"கக்கா... கக்கா... கக்கா!"

குழந்தைகள் கூச்சலிட்டார்கள். சிரிப்பு படிக்கட்டில் உருண்டு வந்தது. பிடித்துவிட்டார்கள், என் பெண்ணை நடுவில் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தாள். கைப்பை சுவரில் இடிக்க இடிக்க ஓடினாள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கீழ்ப்படிகளில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பா மூடிகளை முகத்துக்கு முன்னால் குடைகளாகப் பிடித்திருந்தார்கள். மேல்படியில் நின்று கக்கிக்கொண்டிருந்தது சுண்டு.

"கக்... கக்கா... கக்கா... கழுதை!" தலையை ஆட்டினாள், கன்னத்தை உப்பினாள், எச்சிலைத் தெறிக்கவிட்டாள். அச்சு அசல் டீசர். பிள்ளைகள் மூடிகளைத் தட்டினார்கள். "இன்னொரு வாட்டி! சுண்டு, இன்னொரு வாட்டி!"

"அம்மா! நான் நல்லா பண்றேன்ல?"

அவள் தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான் காதில் விழுந்ததை அவள் முழுவதுமாகக் கேட்டாள். சுண்டு 'க' சொன்னாள். வரிசையாக, வழுக்கிக்கொண்டு, ஓரிடத்திலும் நிற்காமல். கழுத்தில் நரம்பு எழவில்லை. இது அவள் திக்கல் இல்லை. திக்கத் தெரியாதவர்கள் செய்து விற்கும் திக்கலை, பிறவியிலேயே திக்கும் ஒரு குழந்தை கற்றுக்கொண்டிருக்கிறது.

அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குக் குமட்டியது. உண்மையாகவே குமட்டியது. கதவைத் திறந்து நேரே குளியலறைக்குப் போய், குனிந்து நின்றாள். ஒன்றும் வரவில்லை. புளித்த எச்சில் மட்டும் ஊறிக்கொண்டே இருந்தது.

"ஏங்க, இவ எப்பலேர்ந்து இப்பிடிப் பண்றா?"

கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. விரல்நுனிகளில் எப்போதும் ஒரு வெள்ளைப் பொடி இருக்கும். அவள் எழுதும் எதையும் அவர் படித்ததில்லை. மகளுடைய சொற்களில் ஒன்றையும் விட்டதில்லை.

"நாலஞ்சு நாளா. ஸ்கூல்ல எல்லாரும் பண்றாங்களாம். இவ வாயத் தொறந்தாலே மூடியத் தூக்கிப் பிடிச்சாங்களாம். இவளே முந்திக்கிட்டா. இப்போ இவளச் சுத்தித்தான் கூட்டமாம்."

"எங்கிட்ட சொல்லலியே."

"நீ சூடாயிடுவேன்னா."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "அதப் பாக்கவே அருவருப்பா இருக்கு எனக்கு."

"எதை? அவளையா?"

"ஐயோ, அவள இல்ல."

"பின்ன?" அவர் ஒரு சின்னச் சட்டையைத் தொடைமேல் போட்டு நீவினார். "காலையில கண்ணாடின்னு சொன்னா, தெரியுமா? கக்கா கக்கான்னு ஆரம்பிச்சு, கண்ணாடின்னு முடிச்சா. பொறந்ததிலேர்ந்து அந்த வார்த்தைய அவ வாயால நான் கேட்டதில்ல. எப்பிடி வந்தா என்ன? வந்துச்சா இல்லியா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அருவருப்பை உள்ளே தோண்டிப் பார்த்தாள். அடியில் என்ன இருக்கிறது? மகளைப் பற்றிய கவலையா, அல்லது நான் எழுதிய குட்டியைக் கெடுத்துவிட்டார்கள் என்ற எழுத்துக்காரியின் எரிச்சலா? மூஞ்சி பாக்குறது என்ற சொல் போய்விட்டதே என்று யார் அழுகிறார்கள்? அந்தச் சொல்லைச் சுமந்தவள் அல்ல. அவளுக்குத் தேவை கண்ணாடி. அதன் முன் நின்று தலை வாரிக்கொண்டு போகவேண்டும். ரசித்தவள் நான். அவள் முட்டிக்கொண்டு நின்றதையெல்லாம் நான் உட்கார்ந்து ரசித்திருக்கிறேன். இதைத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தபோது, மாப்பிள்ளையின் விரல் டீக்குள் துழாவுவது கண்ணுக்குள் வந்தது. அவள் எழுந்துவிட்டாள்.

சாப்பிடும்போது சுண்டு ஏதோ சொல்லவந்தாள். முகம் அதற்கு ஏற்றபடி கனத்திருந்தது.

"அம்மா, இன்னிக்கு டீச்சர் என்ன..." என்று தொடங்கி, நின்றாள். வாய் திறந்திருந்தது. நரம்பு எழுந்தது. அம்மா காத்திருந்தாள். அந்த வேறொரு சொல் வரும், இதோ வரும்.

சுண்டு கன்னத்தை உப்பினாள். "கக்கா... கக்கா..."

அப்பா சிரிக்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை. சுண்டு ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தாள், சிரிப்பு எங்கேயாவது கிடைக்குமா என்று. கிடைக்காததால் வாயை மூடிக்கொண்டு, தட்டைப் பார்த்தாள்.

"என்னடா செல்லம்? டீச்சர் என்ன பண்ணாங்க?"

"ஒண்ணுமில்ல."

டீச்சர் கேட்டாரா, கண்டித்தாரா, கூப்பிட்டாரா என்று எல்லாச் சொல்லும் அம்மாவின் மனத்தில் ஓடியது. எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவும் அன்றைக்குக் கொடுமையாகத்தான் இருந்தது.

ஸ்டுடியோ விஷயத்தைச் சுண்டுவிடம் யார் சொன்னார்கள் என்று விசாரிக்கத் தேவையில்லை. அம்மா பதில் சொல்லத் தாமதித்ததும், மாப்பிள்ளை வீட்டு எண்ணுக்கே பேசியிருந்தான். எடுத்தது சுண்டு.

"மைக்ல பேசணும்னு சொன்னாங்க அந்த அங்கிள். நான் போவேன். நான்தானே நீளக்காது? வேற யாரோ ஏன் பேசணும்?"

"அந்தக் குட்டி இப்போ நீளக்காது இல்லடா. அத மாத்திட்டாங்க."

"அதனால என்ன? நான் பேசுறேன்."

"அவளுக்குத்தான் ஆசையா இருக்கே," என்றார் கணவர். "உனக்குப் பிடிக்கலேங்கிறதுக்காக அவ வாயப் பொத்துவியா?"

வாயைப் பொத்துவது. அந்தச் சொல்லுக்கு அவள் அடங்கினாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், மாப்பிள்ளையிடமும் மகளிடமும்: சுண்டு தனக்குத் தோன்றியதைப் பேசுவாள், போதும் என்றால் வெளியே வந்துவிடுவாள். "எங்கக்கா சொன்னா அப்பீலே கிடையாது" என்றான் மாப்பிள்ளை.

ஒலிப்பதிவு அறை கண்ணாடியால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. உள்ளே மைக்கும் ஒரு உயரமான முக்காலியும். வெளியே மேசையும் பொத்தான்களும் சவுண்டுத் தம்பியும். வெளியிலிருந்து ஒரு பொத்தானை அமுக்கிப் பேசினால்தான் உள்ளே கேட்கும். உள்ளே இருப்பவர் மூச்சு விட்டால்கூட இங்கே கேட்கும். மைக்கின் பஞ்சு உறை பல பேருடைய எச்சில் காய்ந்து நிறம் மாறியிருந்தது. வேறு உறை போடச் சொல்லி அவள் கேட்டாள். தம்பி புதிதாக ஒன்று எடுத்து மாட்டினான். கண்ணாடியின் ஓரத்தில் ஒருவன் கேமராவோடு நின்றான், சுண்டுவின் முகத்துக்கு நேராக.

அனிமேஷனில் முதலில் குரல், பிறகுதான் வாய். குரலைக் கேட்டு அதற்கேற்றபடி உதட்டை வரைவார்கள். படத்துக்காகக் குட்டிக்குரல் மூச்சை நிறுத்தி நின்ற இடங்களில், வரைகிறவர்கள் சத்தமில்லாமல் திறந்த வாயை ஓவியம் ஓவியமாக வரைந்தார்கள். அந்த வாயைத் தியேட்டரில் பார்த்து, "என்னுது மாதிரியே இருக்கு" என்று சுண்டு அம்மாவின் காதில் சொன்னாள்.

இப்போது ஹெட்போன் சுண்டுவின் காதுகளை விழுங்கிவிட்டு, கன்னத்தில் இறங்கியிருந்தது. தம்பி கட்டைவிரலைக் காட்டினான்.

"கக்... கக்கா... கக்கா... கழுதை!"

ஸ்பீக்கரில் அது பெரிதாக வந்து விழுந்தது. தம்பி சிரித்தான். "சூப்பர் பாப்பா." சுண்டு கண்ணாடி வழியே அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையை அசைத்தாள். இன்னொரு வாட்டி. இன்னும் ஒரு வாட்டி, கோபமாக. அப்புறம் ஓடிக்கொண்டே பேசுவது போல. சுண்டு எல்லாம் செய்தாள். கையைக் காலை ஆட்டிச் செய்தாள்.

மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம டீசரத்தான் திருப்பிச் சொல்லுதுக்கா. இதுக்கு நம்ம ஆளே போதுமே. அசல் வேணும்."

"அசல்னா?"

"வீட்ல திக்கும்ல, அது. தன்னால வர்றது. கேமராவுக்கு அதான் வேணும். இத வெளிய விட்டா, குழந்தைக்குச் சொல்லிக் குடுத்து நடிக்க வெச்சுட்டாங்கன்னு அதுக்கும் ஒரு அம்மா எழுதும்."

"அவ திக்கினா சத்தம் வராது," என்றாள் அவள். "வாய் தொறந்திருக்கும். அவ்வளவுதான். உங்களுக்குப் பதிவு பண்ண ஒண்ணும் இருக்காது."

"சத்தம் எதுக்குக்கா? சத்தத்த அப்புறமா நாங்க போட்டுக்க மாட்டோமா?" அவன் குரல் தணிந்து, உறவுக்காரனுடையதைப் போல ஆனது. "மொகம் வேணும். அந்தக் கஷ்டம் மொகத்துல தெரியணும். பாக்குறவன் ஐயோ பாவம்னு உச்சுக் கொட்டணும். அப்புறம் நம்மள யாரு கேப்பா?"

தம்பி பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேமராக்காரன் லென்ஸைத் திருகினான். உள்ளே சுண்டு முக்காலியில் கால்களை ஆட்டியபடி, அடுத்து என்ன என்று காத்திருந்தாள். அவளுக்கு இங்கே பேசுவது எதுவும் கேட்காது. உதடுகள் அசைவது மட்டும் தெரியும்.

அம்மா மாப்பிள்ளையின் வாயைப் பார்த்தாள். கீழ் உதட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. இந்த வாயிலிருந்து வந்ததெல்லாம் என் காதுக்குள் போயிருக்கிறது, நானும் தலையாட்டியிருக்கிறேன், சிரித்திருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். ஆனால் இப்போது அருவருப்பு முன்பு போலக் கலங்கலாக இல்லை. வயிற்றிலிருந்து ஏறவில்லை, எச்சில் ஊறவில்லை. உலர்ந்து, கையில் எடுத்து மேசைமேல் வைக்கலாம் போல இருந்தது.

"நீங்க கேட்டா திக்கும்க்கா," என்றான் அவன். "நான் கேட்டா நடிக்கும். அம்மா திடீர்னு கேட்டா அதுக்கு நடிக்கத் தோணாது. பெருசா ஒண்ணும் கேக்கவேணாம். பேரு கேளுங்க. சுண்டு இல்ல, ஸ்கூல் பேரு. அது 'க'தானே? முழுப் பேரும் சொல்லு பாப்பான்னு சும்மா ஒரு வார்த்த. அவ்வளவுதான், முடிஞ்சுது, வீட்டுக்குப் போயிடலாம்."

பொத்தானின் பக்கம் அவளுக்கு வழி விட்டு அவன் நகர்ந்து நின்றான். கேமராவில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

அவன் சொன்னது சரி என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் கேட்டால் சுண்டு நடிக்கமாட்டாள். அம்மா கேட்கிறாளே என்று உண்மையாகவே சொல்லப் பார்ப்பாள். வாய் திறக்கும், நரம்பு எழும், கண் அம்மாவின் முகத்தைப் பிடித்துக்கொள்ளும். பெயருக்கு வேறு சொல் கிடையாது.

அவள் பொத்தானைத் தொடவில்லை. மேசை ஓரத்தில் கிடந்த தன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"என்னக்கா? கேளுங்க."

"அவ பேரு எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "நான் எதுக்குக் கேக்கணும்?"

பிறகு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.